தானாகப் புளித்த காடி

நைனா முகமதுவுக்கு இடது விலாவின் கீழே ஒரு கட்டி இருந்தது. மல்லாந்து படுத்தால் கையால் தடவிப் பார்க்கலாம். ஏலக்காய் வாங்க மலைக்குப் போய் வருகிறவர்களுக்கு வருகிற கட்டிதான். முதலில் குளிர்காய்ச்சல் விட்டுவிட்டு வரும். பிறகு வயிற்றில் இது வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆஸ்பத்திரியில் கொடுத்த கொயினா மருந்தில் காய்ச்சல் அடங்கியது, கட்டி அடங்கவில்லை. அவரோடு மலைக்குப் போன இரண்டு பேர் அதே கட்டியோடு செத்திருந்தார்கள்.

அவர் மனைவி ஆயிஷா பீவி ராஜபாளையத்துக்காரி. அவள் பிறந்த வீட்டில் கட்டிக்கு, கள்ளைப் புளிக்கவிட்டு எடுக்கிற காடிதான் மருந்து. பனைமரம் ஏறும் வேல்சாமி ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வீட்டுப் புறவாசலுக்குக் கள் கொண்டுவந்தான். யாரும் பார்க்காமல் இருக்க, கலயத்தின் மேல் நுங்கைப் பரப்பி எடுத்து வந்தான். அவள் அதைச் சாடியில் ஊற்றி, வாய்க்குத் துணியால் வேடு கட்டினாள். நுரை ஏறுகிற சமயம் பார்த்து, நசுக்கிய பூண்டு, இஞ்சி, வறுத்த ஓமம், கருஞ்சீரகம் எல்லாவற்றையும் போட்டாள். புளிப்பும் மருந்தும் சேர்ந்து முற்ற வேண்டும் என்பது அவள் வீட்டுக் கணக்கு. முற்றிய பிறகு வடிகட்டி, காலையில் வெறும் வயிற்றில் பாலாடைச் சங்கில் பாதி, கொஞ்சம் தேன் விட்டு.

நைனா முகமது முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். கட்டி இளகியது. பசி எடுத்தது. கடைக்கு நடந்து போய்த் திரும்பினார். வைகாசிக்குள் சாடியில் பாதி தீர்ந்தது. ஆயிஷா அடுத்த சாடிக்குக் கள் வாங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அண்ணன் காதர் வந்தார். காயல்பட்டினத்திலிருந்து ரயிலில் சாத்தூர், அங்கிருந்து மாட்டு வண்டி. தம்பி சாகக் கிடக்கிறான் என்று நினைத்து வந்தவர், தம்பி உட்கார்ந்து பணியாரம் தின்பதைப் பார்த்தார்.

"என்னலே, உன்னை அடக்கம் பண்ண வந்தா நீ பணியாரம் திங்க?"

"ஏமாந்துட்டியளே காக்கா. வந்ததுக்கு ரெண்டு தின்னுட்டுப் போங்க." அந்தப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

மறுநாள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யக் கிணற்றடிக்குப் போன காதர், ஆயிஷா புதுச் சாடிக்குள் பூண்டைப் போடுவதைப் பார்த்தார். சாடியிலிருந்து நுரை பொங்கியது. அவருக்கு அந்த வாடை தெரியும்.

"அது இன்னும் கள்ளுல்லா? அதுல என்னத்தப் போடுத?"

ஆயிஷா முக்காட்டை இழுத்துக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனாள். "மருந்துச் சரக்கு மச்சான். எங்க வீட்டுல இப்படித்தான்."

"முந்தின சாடியும் இப்படித்தானா?"

"ஆமா."

தப்பு அங்கேதான் இருந்தது. ராஜபாளையத்தில் அவள் வீட்டார் ஹனபி மத்ஹபு, மார்க்கச் சட்டத்தில் ஒரு வழி. காயலில் இவர்கள் ஷாபி, இன்னொரு வழி. கள் கூடாது, காடி கூடும் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. நடுவில் நடப்பதில்தான் சண்டை. ஹனபிக்காரர்கள், எதையாவது போட்டுப் புளிக்க வைத்தாலும் காடி காடிதான் என்பார்கள். ஷாபியில், கள் கள்ளாக இருக்கும்போது ஒரு உப்புக்கல் விழுந்தாலும் போச்சு. பிறகு எத்தனை புளித்தாலும் அசுத்தம்தான். அது தானாகப் புளிக்க வேண்டும். கல்யாணத்தின்போது இரண்டு வீட்டாரும் மஹர் பேசினார்கள், சீர் பேசினார்கள், பந்தியில் யார் முதலில் உட்காருவது என்றுகூடப் பேசினார்கள். காடியைப் பற்றி யாரும் பேசவில்லை.

நைனா முகமது கேட்டுவிட்டு வாயைக் கொப்பளித்தார். மிச்சமிருந்த காடியைத் தொடவில்லை.

"பள்ளிவாசல் லெப்பைகிட்ட கேட்டேன்," என்றாள் ஆயிஷா. "நோயாளிக்குத் தோஷமில்லை, எங்க மத்ஹபுப்படி குடிக்கலாம்னு சொல்லுதாவ."

"இத்தனை வருசம் ஒரு மத்ஹபு, வயித்துவலி வந்தா இன்னொண்ணா? நாளைக்குப் பல்லுவலி வந்தா எங்க போகச் சொல்லுவாவ?"

"செத்துப்போனா என்ன செய்யிய?"

"செத்தா ஷாபியா சாவேன். நீ வேற சாடி வை. தானாப் புளிக்கட்டும். புளிச்ச பொறவு மருந்தைப் போடு. அதைக் குடிக்கிறேன்."

இளகிய கட்டிக்கு இந்த விவரம் தெரியாது. காடி நின்றதும் அது மறுபடி இறுக ஆரம்பித்தது.

வேல்சாமி மூன்றாவது முறை கள் கொண்டுவந்தான். இன்னொரு புதுச் சாடியில் ஊற்றி, வேடு கட்டி, சும்மா வைத்தார்கள். வெயிலிலிருந்து நிழலுக்கும் நிழலிலிருந்து வெயிலுக்கும் மாற்றலாம், அதற்கு அனுமதி உண்டு என்றார் காதர். ஆயிஷா காலையில் சாடியைக் கிழக்கு வெயிலுக்கு இழுத்தாள், மதியத்துக்கு மேல் மேற்கே இழுத்தாள். அந்த வீட்டில் அவளுக்கு அனுமதிக்கப்பட்ட வைத்தியம் அவ்வளவுதான்.

அப்போது இன்னொரு சிக்கல் தெரிந்தது. கள் எப்போது காடியானது என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. ருசி பார்த்தால் தெரியும். ஆனால் காடி ஆகியிருக்காவிட்டால் கள்ளை ருசி பார்த்ததாகிவிடும். கள்ளின் ருசியும் ஒருவருக்கும் தெரியாது.

"வேல்சாமிதான் சொல்லணும்," என்றாள் ஆயிஷா.

"அவன் சாட்சி எப்படி எடுபடும்?" என்றார் காதர்.

படுத்திருந்த நைனா முகமது, "கள்ளைப் பத்திக் கள்ளு குடிச்சவன் சொல்லாம, நீங்களா காக்கா சொல்லுவிய?" என்றார்.

வேல்சாமி தினமும் சிரட்டையோடு வந்தான். ஒரு சிரட்டை மொண்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

"இன்னும் கள்ளுதான் பீவிம்மா."

மறுநாளும் அதுவேதான். அதற்கடுத்த நாள் இரண்டு சிரட்டை குடித்தான்.

"ஏலே, நெசமாச் சொல்லுதியா, இல்ல சும்மா கெடைக்குன்னு குடிக்கியா?"

"அட போங்கம்மா, பழைய கள்ளு. எங்கூட்டு எருமை குடிக்காது. உங்களுக்காவத்தான் குடிக்கேன்." குரலைத் தாழ்த்தினான். "பழைய காடி கெடக்குல்லா, அதுல ஒரு கரண்டி இதுல ஊத்துங்க. ரெண்டே நாள்ல சுருக்குனு புளிச்சுரும். யாருக்குத் தெரியப்போவுது?"

அது அவளுக்கும் தெரிந்ததுதான். பழைய சாடி அடுப்பங்கரை மூலையில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சல் திரும்பியது. மூன்று கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. குளிர் விட்டபோது நைனா முகமதுவின் முகம் மஞ்சளாக இருந்தது, வயிறு ஒரு பக்கமாகத் துருத்தியது. கஞ்சி உள்ளே தங்கவில்லை. காதர் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சமையலறை வாசலுக்கு வந்து, சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"ஆயிஷா."

"சொல்லுங்க மச்சான்."

"அந்தப் பழசுல ஒரு கரண்டி ஊத்தித் தொலை. நான் பார்க்கலை."

ஆயிஷா கதவோரம் வந்தாள்.

"அவிய கேட்டா?"

"தானாப் புளிச்சதுன்னு நான் சொல்லுதேன். நான் சொன்னா நம்புவான்."

"நீங்க சொன்னா நம்புவாவ. பொறவு அசுத்தத்தைக் குடிச்சதே தெரியாம தினம் அஞ்சு வேளை அவிய தொழுறதை யாரு பார்த்துக்கிட்டு இருக்க? நீங்க ஊருக்குப் போயிருவிய."

"அவன் உயிரோட இருந்தாத்தானடி தொழுவான்!"

ஆயிஷா பழைய சாடியைத் தூக்கி வந்து வாசற்படியில் வைத்தாள். அதன் மேல் அகப்பையை வைத்தாள். புதுச் சாடி முற்றத்து வெயிலில் நின்றது.

"நானும் பார்க்கலை. நீங்க ஊத்துங்க."

அவள் உள்ளே போய் அடுப்பை ஊதினாள்.

காதர் அகப்பையை எடுத்தார். காடியை மொண்டார். முற்றத்தில் இறங்கி வேட்டின் முடிச்சையும் அவிழ்த்தார். பிறகு அப்படியே நின்றார். உள்ளே தம்பி முனகுவது கேட்டது. காடி அகப்பையின் ஓரத்தில் சொட்டிக் காலடி மண்ணில் விழுந்தது. கடைசியில் மிச்சத்தையும் மண்ணிலேயே ஊற்றினார். வேட்டைத் திரும்பக் கட்டி, சாடியை வெயில் நன்றாக விழுகிற இடத்துக்கு இழுத்து வைத்துவிட்டுப் போய்த் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

காய்ச்சல் இன்னும் இரண்டு முறை வந்து போனது. அடுத்த முறைக்கு ஆள் தாங்கமாட்டார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். காதர் பிணத்துக்குச் சுற்றும் கபன் துணிக்குச் சொல்லிவைத்தார். அதை ஆயிஷாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குள் ஒரு காலை வேல்சாமி சிரட்டையை வாயில் வைத்தான். தோளைக் குலுக்கிக்கொண்டு அப்படியே துப்பினான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்னடா?"

"செத்துப்போச்சு பீவிம்மா. ஒரு சொட்டுக் கள்ளு இல்ல. தூ! இதை மனுசன் குடிப்பானா?" சிரட்டையைக் கழுவாமலே எறிந்துவிட்டுப் போனான்.

ஆயிஷா அவன் சொன்னதை விட அவன் முகத்தை நம்பினாள். உடனே ஒரு சொம்பு மொண்டு, பூண்டும் ஓமமும் தட்டிப் போட்டாள். ஊற நேரமில்லை. துணியில் பிழிந்து பாலாடையில் எடுத்துக்கொண்டு போனாள்.

நைனா முகமதுவை முதுகில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார் காதர். பாலாடை உதட்டுக்கு வந்ததும் நைனா முகமது முகத்தைத் திருப்பினார். பேச மூச்சு போதவில்லை.

"எதுவும்... போட்டியா?"

ஆயிஷா காதரைப் பார்த்தாள்.

"காக்கா. நீங்க சொல்லுங்க. புளிக்குமுன்ன ஏதும் விழுந்துச்சா?"

காதர் இருமினார்.

"விழலை," என்றார். "குடி."

நைனா முகமது வாயைத் திறந்தார்.