கருத்த இறைச்சியின் வாக்குமூலம்

கண்ணுள்ளோரே, வந்து பாருங்கள். நகரின் பெரிய இறைச்சிக் கூடத்துச் சோதனை அறையில், செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றேகாலுக்கு, அறுபட்ட மாடு ஒன்று எழுதியது. எழுத்து தடித்திருந்தது, பிழை இல்லை.

அதற்கு முன் ஏழாண்டுகளாக அங்கே இறைச்சி கருத்துப் பசையாய் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘குறைக்குக் காரணம்’ என்ற கட்டத்தில் ‘கை’ என்று முன்கூட்டியே அச்சிட்ட படிவம் ஒன்று இருந்தது. வெட்டுபவனின் கை என்று பொருள். அந்த ஒற்றைச் சொல்லால் பதினொரு கத்திக்காரர்கள் வேலை இழந்து வீட்டுக்குப் போனார்கள். பதினொன்றிலும் சோதனைக்காரியின் கையெழுத்து இருந்தது. பன்னிரண்டாம் படிவம் அங்கேயே கத்தி பிடிக்கும் அவள் தம்பியுடையது.

அன்றுதான் அவள் முதன்முறையாகக் கையெழுத்துக்கு முன் சோதனை செய்தாள். நகத்தளவு இறைச்சியை அரைத்து, புரதத்தைப் பிரித்து, கூழ் பரப்பிய பலகையில் அதை இட்டு மின்சாரம் பாய்ச்சி, நீலச்சாயம் ஊற்றினாள். ஏணிப்படிகளாய் நிற்கவேண்டிய புரதக் கோடுகள் வளைந்து ‘ஒலி எழுப்பவும்’ என்று நின்றன.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். “மாடு எங்கம்மா எழுதப் படிக்கக் கத்துக்கிச்சு?”

“இருபத்தாறு மணி நேரம் உங்க கேட்டுக்கு வெளியே லாரியிலயே வரிசையில நின்னுச்சு சார். முன்னாடி நின்ன லாரியோட முதுகைத் தவிர அதுக்குப் படிக்க வேற என்ன இருந்துச்சு?”

அடுத்த மாட்டின் புரதம் ‘இடைவெளி விடவும்’ என்றது. மூன்றாவது, வரிசையைக் கடந்துபோன குடிநீர் வண்டியில் கண்ட ஒரே சொல்லை எழுதியது: ‘தண்ணீர்’. தாகத்திலும் அச்சத்திலும் நின்ற உடலின் தசையில் சர்க்கரை தீர்ந்துபோகும். அறுத்தபின் அந்தச் சர்க்கரை அமிலமாகிப் புளிக்கவேண்டிய இறைச்சி புளிக்காது, கருக்கும். இதில் கத்திக்கு என்ன பங்கு?

தம்பி இரத்தக் கறை படிந்த மேலங்கியோடு வாசலில் வந்து நின்றான். “அக்கா, கையெழுத்தப் போட்டுடு. உன் வேலையாவது நிக்கட்டும்.”

“பதினோரு தடவ கூசாம போட்ட கைடா இது. இன்னைக்காவது கூசட்டும், விடு.”

அச்சிட்ட ‘கை’யை அடித்துவிட்டு, ‘வரிசை’ என்று எழுதினாள். மேலாளர் படிவத்தைக் கிழித்தார். கிழித்த பின்பும் மாடுகள் எழுதின. சாயத்தை மாற்றினார்கள், பலகையை மாற்றினார்கள், அவளைக் கிடங்குக்கு மாற்றி வேறொருவரை அமர்த்தினார்கள். அவருக்கும் அதே தடித்த எழுத்தில் எழுதின. இப்போது அந்த வாசகங்களைக் குளிரறை வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே பதிவேட்டில் குறித்துக்கொள்கிறார்கள், யாரும் வியப்பதில்லை. ‘கை’ என்ற பன்னிரண்டாம் படிவத்தில் யார் கையெழுத்தும் இன்றுவரை விழவில்லை. தம்பி வெட்டுமேசையைவிட்டு நகரவில்லை.

ஆனால் பதினொருவர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். லாரிகளும் நிற்கின்றன. அந்த வாயிலுக்கு வாருங்கள். நாவில்லாத தசை செத்த பிறகும் சொன்னதை, உயிரும் நாவும் உள்ள நீங்கள் ஒருமுறை சொல்ல மாட்டீர்களா? ஒலி எழுப்புங்கள்.