தட்டினால் தட்டும் கதவு

"அந்தச் சாவியக் குடுங்கப்பா."

மதகு இயக்கும் அறையில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றது. மகள் அதே அணையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே பெரிய இன்ஜினியர் கறாராகச் சொல்லியிருந்தார்: எதை வேண்டுமானாலும் கேள், பழைய மீன்வழிச் சாவியை மட்டும் கேட்காதே. அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். வாய்த்துடுக்கு அதற்கு முன்பே வாங்கியாகிவிட்டது.

அணையைக் கட்டியவர்கள் மீனுக்கும் வழி விட்டிருந்தார்கள். இடது கரைச் சுவருக்குள் படிப்படியாக ஏறும் சுரங்கம். மேல்முனையில் இரும்புக் கதவு. அதைத் தூக்கினால் தண்ணீர் படிகளில் இறங்கும், மீன் எதிர்த்து ஏறும். அவள் பிறப்பதற்கு முன்பே அந்த வழியை மூடிவிட்டார்கள். இப்போது வலது கரையில் பளபளவென்று புதுவழி. ரிப்பன் வெட்ட எல்லோரும் வந்தார்கள், மீனைத் தவிர.

"சினை மீனெல்லாம் பழைய வாசல்லயே வந்து கெடக்குதுப்பா. வயிறு வெடிக்கிற மாதிரி இருக்கு. இன்னிக்குத் தண்ணி விடலேன்னா அத்தனை முட்டையும் சேத்துல போயிரும்."

"படிச்சவளே, கதவத் தூக்கறதுக்கு முன்ன என்ன பண்ணணும்? சொல்லு."

"தட்டணும்."

ஸ்பேனரால் மூன்று தட்டு. பழுது பார்க்க உள்ளே இறங்கிய ஆள் யாராவது இருந்தால் பதிலுக்குத் தட்டுவார். பதில் வந்தால் கதவைத் தொடக்கூடாது, தொட்டால் அவரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். அந்த அணையில் ஒருவரும் மீறாத விதி.

"அங்க எப்பத் தட்டுனாலும் பதில் வருதும்மா. எனக்கு முன்ன இருந்தவருக்கும் வந்துச்சு. உள்ள போனவங்க யாரும் காணாமப் போகலே. ஆனா வருது."

"ஐயோ, அது மீன்ப்பா! கீழ்ப்படியில முட்டுது, சத்தம் மேல ஏறுது."

"வா, காட்டறேன்."

கதவு பக்கத்துச் சந்தில்தான் இருந்தது. உச்சி வெயிலிலும் இரும்பு சில்லென்றிருந்தது. அப்பா மூன்று தட்டினார். உள்ளிருந்து மூன்று. அவள் ஸ்பேனரைப் பிடுங்கி ஐந்து தட்டினாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு, நிதானமாக, ஐந்து.

"மீனுக்கு எண்ணத் தெரியுமாடி?" என்றார் அப்பா.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சரி, மீன் இல்லே. யாரோதான். இத்தனை வருசமா உள்ள இருந்து தட்டறவரு தண்ணி பட்டாச் செத்துருவாரா? தொறக்காதேன்னுதான் தட்டறாருன்னு யாருப்பா சொன்னா? பூட்டுன கதவுக்குப் பின்னால இருக்கறவன் எதுக்குத் தட்டுவான்?"

அப்பா அறைக்குத் திரும்பினார். அவளும் பின்னாலேயே போனாள்.

"வேலை போயிரும்டி. ரெண்டு பேருக்கும்."

"போகட்டும்."

ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். அது குலுங்கியது கேட்டதோ என்னவோ, யாரும் தட்டாமலே சந்தில் தட்டல் தொடங்கியது, இம்முறை படபடவென்று, எண்ண முடியாத வேகத்தில்.

"இரு, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் வெளியே நடந்தாள்.