எர்மீன் தெரியோவின் கோரைப்பல்

எர்மீன் தெரியோவின் கீழ்த்தாடைக்குள் ஒரு கோரைப்பல் இருபத்தோரு ஆண்டுகள் நடந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் கிளம்பி, மோவாயின் நடுவைக் கடந்து, வலக் காதுக்குக் கீழே போனது. ஆண்டுக்கு ஒரு கோதுமை மணி தூரம். நடை தொடங்கியது 1936 வசந்தத்தில், அவள் திருமணத்துக்கு முந்தைய வாரம். கனடாவின் மடவாஸ்கா ஆற்றோரத்தில், புகுந்த வீட்டுக்குப் பின்னால் பல் செலவு வராதபடி, பெண்ணின் பற்களையெல்லாம் பிடுங்கி, பல்செட் பொருத்தி அனுப்புவது தகப்பன் செய்யும் சீர். நல்ல பல்லா சொத்தையா என்று பார்ப்பதில்லை. எர்மீனுக்கு இருபத்தேழு எடுத்தார்கள். ஈறுக்குள் முளைக்காமல் படுத்திருந்த ஒன்று தப்பியது. பக்கத்தில் வேறு பற்கள் இருந்தால்தான் ஒரு பல்லுக்குத் தன் இடம் தெரியும், இது தெரியாமல் அலைகிறது என்று பல் மருத்துவர் மிஷோ பின்னாளில் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னார். அவள் எட்டுப் பிள்ளைகள் பெற்றாள். உருளைக்கிழங்கு தோண்டினாள். பல் நடந்தது.

1957இல் மூத்தவள் லோரெட்டுக்கு ஈஸ்டருக்கு அடுத்த வாரம் திருமணம் என்று முடிவானது. அன்றே பல் திரும்பி வேகமாக வரத் தொடங்கியது. லோரெட் காட்டுக் கொட்டைகளைப் பல்லால் உடைப்பவள். அவளுக்குப் பிடுங்க வேண்டாம் என்று எர்மீன் ஒருமுறை சொன்னாள்.

"உனக்குப் பிடுங்கலையா? செத்தா போயிட்ட?" என்றான் கணவன் ஒனெசிம்.

"சாகல. களைச்சுப் போயிட்டேன்," என்றாள்.

மிஷோ அந்த ஊருக்கு வருவது வசந்தத்தில் இரண்டு நாள்தான். மாதா கோயில் கூடத்தில் நாற்காலி போடுவார். முதல் நாள் காலை எர்மீனின் பல் முன்வாயில் முளைத்து நின்றது. பல்செட் உட்காரவில்லை.

"முதல்ல உன்னுத எடு. கல்யாணத்துல பொக்கை வாயோடவா நிப்ப?" என்றான் ஒனெசிம்.

லோரெட் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். மிஷோ மரத்துப்போக ஊசி போட்டு இடுக்கியை எடுத்தார். பல் உள்ளே அமிழ்ந்து இடப்பக்கம் எழுந்தது. இடப்பக்கம் ஊசி போட்டார். வலப்பக்கம் எழுந்தது.

"எர்மீன், நாக்கால தள்றியா?"

"நாக்கு எங்க இருக்குன்னே தெரியல டாக்டர்."

மதியம் லோரெட் ரொட்டி வாங்கித் தின்றாள். மறுநாளும் அப்படியே போயிற்று. மாலை நான்கு மணிக்கு மருந்து தீர்ந்தது. மிஷோ தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப லோரெட்டுக்கு?" என்றான் ஒனெசிம்.

"கை தூக்க முடியல, ஒனெசிம். அடுத்த வருஷம் பாப்போம்."

அடுத்த ஆண்டு அவள் இன்னொருவர் வீட்டில் இருப்பாள். எல்லாருக்கும் அது தெரியும். லோரெட் தன் பற்களோடு மாதா கோயிலுக்குள் போனாள். சம்பந்தியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு சாப்பிட்டாள். மாப்பிள்ளை எதையும் கவனிக்கவில்லை. எர்மீன் ரொட்டியைச் சூப்பில் நனைத்துத் தின்றாள். அதன்பின் அவள் பல் வெளியே வரவில்லை.

மறு வசந்தத்தில் மிஷோ வந்தபோது கூடத்தில் கல்யாணம் நிச்சயமான நான்கு பெண்கள் காத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அவர்களுடைய தாய்மார்கள், கன்னத்தில் கைவைத்தபடி. தாடைக்குள் ஏதோ நடப்பதாகச் சொன்னார்கள். மிஷோ கோட்டைக் கழற்றி மாட்டினார். கை கழுவினார். தாய்மார்களை முதலில் வரச் சொன்னார்.