யார் முதலில் பேசுவது

ஈரானின் இஸ்ஃபஹான் நகரில் கல்லூரி மாணவர்களுக்கு வாதத்திறன் கற்பிக்கும் பரீமாவின் வேலை நீட்டிப்பு அன்றைய வகுப்பைப் பொறுத்திருந்தது. துறைத்தலைவர் ஷஹ்ரியாரி நோட்டும் பேனாவுமாகக் கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்தார். வளாகத்தில் பூனைகள் இருக்கலாமா என்று கியூமர்ஸும் அஃப்சானேயும் வாதிட வேண்டும்.

"நீங்க ஆரம்பிங்க," என்றான் கியூமர்ஸ்.

"நீங்க இருக்கும்போது நானா? நீங்களே பேசுங்க," என்றாள் அஃப்சானே.

"உங்க முன்னாடி வாய் திறக்க எனக்கென்ன தகுதி?"

இந்த உபசாரத்திலேயே இருபது நிமிடம் போனது. பரீமா கடைசி பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, அவர் ஏன் முதல்ல பேசணும்? காரணம் சொல்லும்மா," என்றாள் வேறு வழியில்லாமல்.

"உஸ்தாத், அவர் என்னைவிட மூத்தவர்," என்று ஆசிரியையிடம் சொன்னாள் அஃப்சானே.

"மூணு மாசம்தான். வயசுக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்?" என்று மடக்கினான் கியூமர்ஸ். "இவங்க இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினவங்க."

"ஒரு பரீட்சையை வெச்சு முடிவு பண்ணலாமா?"

அதன்பின் சான்றும் மறுப்பும் பறந்தன. வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மணி அடிக்கும்வரை பூனையை யாரும் நினைக்கவில்லை.

"பிரமாதமான வாதம். உங்க வேலையை நீட்டிச்சுடறேன்," என்று ஷஹ்ரியாரி பேனாவைத் திறந்தார்.

"ஐயோ, அதுக்கு நான் எங்கே தகுதி," என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள் பரீமா.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியா? ஆதாரம்?"

"ஒண்ணுமே இல்லீங்க ஐயா," என்றாள் அவள் அவசரமாக. அவர் கையெழுத்துப் போட்டார்.