நேரம் காட்டாத வரைபடம்

உடைந்த அச்சிலிருந்து வெட்டிய மூன்றாவது துண்டையும் தேய்த்து, பளபளப்பாக்கி, அமிலத்தில் நனைத்துக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தாள். கடவுளே, இதிலாவது வரிவரியாகத் தெரியட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் குனிந்தாள். எங்கே! முழுக்க ஊசிகள்.

உலையிலேயே மெதுவாக ஆறிய எஃகு என்றால் உள்ளே வரிவரியாக இருக்கும், வளைந்து கொடுக்கும். ஊசி தெரிந்தால் அவசரமாகக் குளிர்ந்தது என்று அர்த்தம், கண்ணாடி மாதிரி உடையும். காலையில் கிரேனின் அச்சு அப்படித்தான் பட்டென்று உடைந்து, கீழே நின்ற வெல்டரின் காலை நசுக்கிவிட்டது. அதை உலையில் வைத்து எடுத்தவன் அவளுடைய சொந்த அண்ணன். அச்சு மெதுவாகத்தான் ஆறியது, கோளாறு எஃகிலேயே என்று ஆய்வகத்தில் இவள் கண்டுபிடித்தால் அவன் தப்பிப்பான். இல்லையென்றால் வேலையும் போகும், போலீஸும் வரும்.

அண்ணன் கதவோரம் பேயறைந்தவன் போல நின்றான். உலையை எப்போது திறந்தாய் என்று கேட்டாள்.

"நீ போட்ட படத்தப் பாத்துதான் திறந்தேன். சூடு கோட்டுக்குக் கீழ வந்துடுச்சே. வெளிய எடுத்துக் காத்துல வச்சேன்."

உலைக்குப் பக்கத்துச் சுவரில் ஃபேஸ் டயகிராமைச் சாக்பீஸால் வரைந்தது அவள்தான். எந்தக் கலவை, எந்தச் சூட்டில், உள்ளுக்குள் என்னவாக இருக்கும் என்று அது சொல்லும். இந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால் மாற்றம் முடிந்தது என்று பெரிய மேதாவி மாதிரி விளக்கம் வேறு கொடுத்தாள். அந்தப் படத்தில் நேரம் என்பதே கிடையாது. ஆற அமரக் காத்திருந்தால்தான் அது பலிக்கும். நிக்கலும் குரோமியமும் கலந்த இந்த எஃகு, கோட்டைத் தாண்டியும் மணிக்கணக்கில் மாறாமல் கிடக்கும். அதற்குள் வெளியே எடுத்தால் காற்றுப் பட்டே ஊசியாகிவிடும். பாவி, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"தப்பு என்னோடதுண்ணா," என்றாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டியது.

அவன் மேசைமேல் கிடந்த ஈரத்துணியை எடுத்துக்கொண்டான்.

"நீ வாயத் திறக்காத. ரெண்டு பேரும் போனா அம்மாவ யாரு பாக்குறது? சுவத்தத் துடைச்சிட்டு வரேன்."

மேலாளரோடுதான் திரும்பி வந்தான். அவசரப்பட்டுத் திறந்துவிட்டேன், யாரும் சொல்லவில்லை, என் புத்தி அப்படிப் போய்விட்டது என்று வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்தான். மேலாளர் அவளிடம் திரும்பி, என்ன தெரிகிறது என்று கேட்டார்.

ஒரு நிமிடம் போதும், சுவரில் இருந்த படத்தைப் பற்றிச் சொல்லிவிடலாம்.

"ஊசிதான் சார்," என்றாள். நுண்ணோக்கியிலிருந்து தலையை அவள் எடுக்கவே இல்லை.