பதினோரு மணி முதல் இரண்டு மணி வரை

சட்டையின் இடது கைக்குள் அண்ணனின் கை போகமாட்டேன் என்றது. சின்னவன் முழங்கைக்குக் கீழே பிடித்து மெல்ல வளைத்துப் பார்த்தான். வளையவில்லை.

"முதுகுப் பக்கம் வெட்டிவிட்டுப் போடுங்க. கீழதானே இருக்கப்போகுது, யாருக்குத் தெரியும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் சின்னவனுக்கு அவரை அறையலாம் போலிருந்தது. காலையிலிருந்து யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

கத்தரிக்கோல் வாங்கி அவனே வெட்டினான். கை உள்ளே போனது. பொத்தான் போடும்போதுதான் அண்ணனின் நகங்களைக் கவனித்தான். சுத்தமாக இருந்தன. இருபத்திரண்டு வருஷம் காருக்குக் கதவு மாட்டிய கை. கல்யாணத்தன்றுகூட நகக்கண்ணில் கறுப்பு இருந்தது, போட்டோவில் தெரியும். மூன்று மாசம் சும்மா உட்கார வைத்ததில் அதுவும் போய்விட்டது.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே ஆலை. அங்கே அவரைப் பெரியவர் என்றும் இவனைச் சின்னவன் என்றும்தான் கூப்பிடுவார்கள். இவன் கண்ணாடி ஒட்டுகிற பிரிவு. அவர் கதவு. சாத்துகிற சத்தத்தை வைத்தே கதவு எந்தப் பக்கம் இம்மி தூக்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை வண்டி பூட்டுகிற லைன் நின்றது. உதிரி பாகம் வரவில்லை என்றார்கள். அப்புறம் ஆலையை யாரோ வாங்கப்போகிறார்கள் என்றார்கள். அதற்கும் அப்புறம், வாங்குகிறவர்களுக்கு இடம் மட்டும் போதுமாம், ஆள் வேண்டாமாம் என்று பேச்சு வந்தது. எதையும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் தினமும் காலை ஏழு மணிக்கு வந்து கார்டு தேய்த்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் நாலு மணி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வராதவர்கள் தாங்களாகவே வேலையை விட்டதாகக் கொள்ளப்படும்.

உட்கார்ந்தார்கள். இருநூறு பேர். சீட்டு ஆடினார்கள், போனை நோண்டினார்கள், வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். பெரியவர் மட்டும் முதல் மாசம் முழுக்க லைன் பக்கம் போய், பாதியில் நின்ற வண்டிகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து சாத்திப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் அங்கே குறுக்கே கயிறு கட்டி, ஆள் போகக்கூடாது என்று பலகை மாட்டினார்கள். அதிலிருந்து ஜன்னலோர மேஜைதான் அவருக்கு.

பணம் வாங்கிக்கொண்டு வேலையை விடுகிற விருப்ப விலகல் படிவத்தில் சின்னவன் கையெழுத்துப் போட்டது மூன்று வாரத்துக்கு முன்னால். அன்றைக்குக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் அண்ணன் கேட்டார்.

"நாளைக்கே லைன் ஓட ஆரம்பிச்சா எந்த முகத்தோட உள்ள வருவ?"

"ஓடாதுண்ணே. நீ ஒருத்தன்தான் இன்னும் ஓடும்னு சொல்லிட்டிருக்க."

"நான் சொல்லாம வேற யார் சொல்லுவா?"

அதோடு பேச்சு நின்றது. ஒரே பஸ்ஸில் போய், ஒரே கூடத்தில் இருபதடி தள்ளி உட்கார்ந்து, ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள்.

நேற்றும் அப்படித்தான். பதினோரு மணிக்கு அண்ணன் மேஜை மேல் கையை மடித்துத் தலையைச் சாய்த்தார். டீ வந்தபோது எழுந்திருக்கவில்லை. ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடுகிற வாயாடிக் கூட்டாளி அவர் பங்கு டீயை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். ஆடை கட்டி அது அப்படியே இருந்தது. சின்னவன் பார்த்தான். சாப்பாட்டு நேரத்திலும் பார்த்தான். இரண்டு மணிக்கு மேஜை துடைக்க வந்த அம்மாதான், "அண்ணே, கையை எடுங்க" என்றாள். இரண்டாவது தடவையும் சொன்னாள். அப்புறம் துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில், இரண்டு மணிக்குப் பார்த்தபோதே உயிர் போய் இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அண்ணி அவன் பக்கம் திரும்பி, "நீ எங்க இருந்த தம்பி?" என்று கேட்டாள்.

"ஆபீஸ் கட்டடத்துக்குப் போயிருந்தேன் அண்ணி. படிவம் விஷயமா."

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். அதுதான் அவனை ராத்திரி முழுக்க அரித்தது.

இன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆலையின் பர்சனல் ஆபீசர் வந்தார். முப்பது வயசு இருக்கும். பெரிய மலர்வளையம், அதில் கம்பெனி பேர் போட்ட ரிப்பன். அதை அண்ணன் காலடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றார். அப்புறம் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, சமையலறை வாசலில் நின்று ஒரு காகிதத்தை நீட்டினார். சின்னவனும் போய் நின்றான்.

"சும்மா ஒரு சம்பிரதாயம் மேடம். கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

அண்ணி ஆரம்பப் பள்ளி டீச்சர். எழுத்து இருக்கிற எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"'பணியில் ஈடுபடாமல் ஓய்வில் இருந்தபோது'ன்னு போட்டிருக்கே?"

"லைன் ஓடலியே மேடம். ஓடாதப்ப அது வேலை நேரம் ஆகாது."

"அப்ப ஏன் வரச் சொன்னீங்க?"

ஆபீசர் காகிதத்தில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

"ஒரு நாள் ஜுரம்னு வீட்ல இருந்ததுக்கு விளக்கம் கேட்டு லெட்டர் அனுப்பினீங்க. அது என் பீரோல இருக்கு. ஓய்வா இருந்தவருக்கு எதுக்கு சார் லெட்டர்? அவர் ஓய்வு எடுக்கல. நீங்க உக்கார வச்சிருந்தீங்க."

அவள் குரல் உயரவில்லை. ஆபீசர்தான் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மேடம், நாளன்னைக்கு வாங்கப்போறவங்க ஆலையைச் சுத்திப் பார்க்க வர்றாங்க. அவங்க நல்லபடியா முடிவெடுத்தா எல்லாருக்கும் நல்லது. இந்த நேரத்துல…"

"இதுல உயிர் போன நேரம் இரண்டு மணின்னு இருக்கு. டாக்டர் அப்படிச் சொல்லல. மூணு மணி நேரம் ஒரு மனுஷன் செத்துக் கிடந்திருக்கார். உங்க ஆளுங்க யாருமே பாக்கலியா?"

"எங்களை மட்டும் சொன்னா எப்படி மேடம்? இருநூறு பேர் இருந்தாங்க. உங்க கொழுந்தனாரே பக்கத்துலதான் இருந்தார்."

அடுப்படியில் யாரோ பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தமும் நின்றது. அண்ணி திரும்பிச் சின்னவனைப் பார்த்தாள்.

"ஆபீஸ் கட்டடத்துலன்னு சொன்ன?"

"இல்ல அண்ணி. கூடத்துலதான் இருந்தேன். பதினோரு மணிக்குத் தலை சாய்ச்சதைப் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"தூங்குறார்னு…" என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். அதுவும் முழு உண்மையில்லை. "வீம்புக்குக் கவுந்து கிடக்கார்னு நெனச்சேன். நான் போய் எழுப்பணும்னு எதிர்பார்க்கறார்னு. எழுப்பக்கூடாதுன்னே உக்காந்திருந்தேன்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை. அவள் காகிதத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே வரும்படி சமையல் மேடையில் வைத்தாள். ஆபீசரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை அவளே எடுத்தாள்.

"எழுது" என்றாள். தம்பி என்று சேர்க்காமல் அவள் அவனுக்கு ஒரு வேலை சொன்னது இதுவே முதல் தடவை.

ஆபீசர் அவன் காதருகே வந்தார். "சார், உங்க படிவம் என் மேஜைலதான் இருக்கு. பணம் தர்ற முதல் பட்டியல்ல போகவேண்டியது. கொஞ்சம் யோசிச்சு எழுதுங்க."

இவ்வளவு நேரம் எங்கே இறக்குவது என்று தெரியாமல் சுமந்த கோபத்துக்கு அந்தக் குசுகுசுப்பு போதுமாயிருந்தது. "தள்ளி நில்லுங்க" என்றான். குரல் முன்னறை வரைக்கும் கேட்டது. ஆபீசர் தள்ளி நின்றார்.

எழுதினான். கண்ணாடிப் பிரிவில் வேலை செய்யும் நான், இறந்தவரின் உடன்பிறந்த தம்பி. லைன் நின்ற நாளிலிருந்து எங்களை வரவழைத்துக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். நேற்று காலை பதினோரு மணியிலிருந்து இரண்டு மணி வரை என் அண்ணன் மேஜையில் தலை கவிழ்ந்து கிடந்தார். மேற்பார்வையாளர் இரண்டு முறை வந்து தலைகளை எண்ணிக்கொண்டு போனார். அண்ணனையும் சேர்த்துத்தான் எண்ணினார். நான் இருபதடி தூரத்தில் இருந்தேன். பார்த்தேன். எழுப்பவில்லை.

கடைசி வாக்கியத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது. கையெழுத்துப் போட்டான். அண்ணி அதைப் படித்தாள். 'எண்ணினார்' என்பதில் அவன் விட்டிருந்த ஒரு புள்ளியை வைத்தாள். போனில் படம் பிடித்துக்கொண்டு காகிதத்தை ஆபீசரிடம் கொடுத்தாள்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டுங்க. சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கும் காட்டுங்க."

ஆபீசர் மடித்துப் பையில் வைத்தார். போகிற அவசரத்தில், வண்டிக்கு ஏற்பாடு செய்திருப்பதாகவும், மூன்று மணிக்குள் எடுத்துவிட்டால் நல்லது என்றும் சொன்னார்.

"அவர்கூட வேலை செஞ்சவங்க?"

"நாலு மணிக்கு முன்னாடி கேட்டைத் திறக்க அனுமதியில்ல மேடம்."

"அப்ப நாலரைக்கு எடுக்கறோம். அவருக்கு இனிமே எந்த அவசரமும் இல்ல."

ஆபீசர் படியிறங்கினார். சின்னவன் அண்ணன் காலடியிலிருந்த மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனான். காரின் பின் கதவைத் திறந்து அதை சீட்டில் வைத்தான். அவர்கள் ஆலையில் செய்த கார்தான். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கதவை அறைந்து சாத்த வேண்டும் என்று கையை ஓங்கினான். கடைசி நொடியில் கை தானாகத் தளர்ந்தது. கதவு பதமாக, ஒரே சத்தத்தில் சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு அண்ணி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். வண்டிக்காரனிடம் நாலரை என்று சொன்னான். வாடகைக்கு எடுத்த ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தெருவோரம் வரிசையாகப் போட்டான். வேலை எதுவும் இல்லாதபோது அண்ணன் தலைமாட்டில் நின்றான்.

நாலேகாலுக்குக் கம்பெனி பஸ்கள் தெருமுனையில் வந்து நின்றன. ஒன்றன் பின் ஒன்றாக நாலு பஸ். நீலச் சட்டைகள் இறங்கி நடந்து வந்தன. ரேடியோ முன்னால் வந்தான். அவன் வாயும் மூடியிருந்தது. உள்ளே வந்து ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வெளியே போனார்கள்.

அண்ணி முன்னறையிலிருந்து நிமிராமல் கேட்டாள். "எல்லாரும் வந்தாச்சா?"

சின்னவன் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். தெரு கொள்ளாத கூட்டம். கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரோரம், மதகு மேல், வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். போட்டிருந்த நாற்காலிகளில் ஒருத்தரும் உட்காரவில்லை.