பாதி ஜாடி

போன மாதம் எடுத்த ஸ்கேனில் என் அடிவயிற்றில் ஒரு நிழல் தெரிந்தது. கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் கட்டியா, சுருண்டு கிடக்கும் குடலா என்று டாக்டரம்மாவால் அடித்துச் சொல்ல முடியவில்லை. குடலை மருந்துத் தண்ணீரால் நிரப்பி மறுபடி எடுத்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியுமாம். அதனால்தான் வெறும் வயிற்றோடு, முதுகில் நாடா கட்டிய அங்கியில் உட்கார்ந்து ஒரு ஜாடியை முறைத்துக்கொண்டிருந்தேன்.

வழவழவென்று அசட்டுத் தித்திப்பு. இரண்டு டம்ளருக்கு மேல் உள்ளே இறங்க மாட்டேன் என்றது.

"இங்க குடு," என்றார் என் வீட்டுக்காரர். ஸ்கேன் எடுக்கும் பெண் உள்ளே போன நேரம் பார்த்து, மீதியை மடமடவென்று குடித்துவிட்டார். என் தட்டில் மிஞ்சியதைச் சாப்பிட்டே தொப்பை வளர்த்த மனிதர். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று பூரித்துக்கூடப் போனேன்.

மெஷினுக்குள் படுத்த கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பெண் என்னை வெளியே கொண்டுவந்தாள்.

"குடல் நிறையவே இல்லையேம்மா. முழுசும் குடிச்சீங்களா?"

"குடிச்சேனே."

"உங்க வீட்டுக்காரர் பாத்ரூமுக்கு நடையா நடக்கிறாரு. இந்த மருந்து குடிச்சாத்தான் அப்படிப் போகும்." அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு ஜாடி கலந்து தரேன். இந்தத் தடவை நீங்களே குடிங்க."

முகமெல்லாம் வேர்த்து வந்து உட்கார்ந்தார் அவர்.

"எனக்காகப் பாவம் பார்த்து இப்படி அவஸ்தைப்படறீங்களே," என்றேன்.

"பாவம் பார்த்துக் குடிக்கல."

"பின்ன?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்தத் தடவையும் சரியாத் தெரியாமப் போகட்டும்னுதான். தெரியாத வரைக்கும் குடல்தான்னு நெனச்சுக்கலாம்ல."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் கேட்டதும் ஜாடியை நான் எவ்வளவு சீக்கிரம் நீட்டினேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

புது ஜாடி வந்தது. முதல் டம்ளரிலேயே எனக்குக் குமட்டியது. பழக்கதோஷத்தில் அவர் கை நீண்டது.

"வேணாம்," என்றேன். "இதுல உங்களுக்குப் பங்கு இல்ல."

அவர் அழ ஆரம்பித்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஜாடியை அவர் கைக்கு எட்டாமல் மறுபக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்த டம்ளரை ஊற்றினேன்.